விளக்கு துடிக்கிறது, வோல்டேஜ் இறங்குகிறது: ஸ்டெபிலைசர் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி இதுதான்: ஹீட்டரோ இஸ்திரிப்பெட்டியோ போட்டால் வீட்டில் விளக்குகள் மங்குகின்றன, சில இரவுகளில் எதையும் போடாமலேயே ஹால் விளக்கு துடிக்கிறது, பல்பை இரண்டு முறை மாற்றியாகிவிட்டது, எம்.சி.பி. (கரன்ட் அளவுக்கு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்) ஒரு தடவைகூட விழவில்லை, பார்க்க வந்தவர் "வோல்டேஜ் கம்மியா வருது, ஸ்டெபிலைசர் போட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். போடலாமா?

இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொல்கிற அறிகுறிகளை வைத்துப் பார்த்தால், எங்கேயோ ஒரு ஜாயிண்ட் லூஸாகி இருக்கிறது என்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம். அது எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு மல்டிமீட்டரும் கொஞ்சம் பொறுமையும் போதும். ஆனால் லோடு இல்லாமல், அதாவது கரன்ட் இழுக்கும் சாமான் எதையும் ஓடவிடாமல், அளந்தால் ஒன்றுமே தெரியாது, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பல பேர் பிளக் பாயிண்டில் மீட்டரை வைத்து 230 காட்டுகிறதே, எல்லாம் சரியாக இருக்கிறது என்று அதோடு முடித்துவிடுகிறார்கள்.

எம்.சி.பி. விழவில்லை என்பதை வைத்து நிம்மதி அடைய வேண்டாம். கரன்ட் அளவுக்கு மீறிப் போகிறதா என்பது ஒன்றுதான் எம்.சி.பி.க்குத் தெரியும். ஓவர்லோடு ஆனால் விழும், ஷார்ட் ஆனால் விழும். லூஸ் ஜாயிண்டில் நடப்பது நேர் எதிர், அந்த இடத்தில் ரெசிஸ்டன்ஸ் கூடுகிறது, அதனால் கரன்ட் குறையத்தான் செய்யும். ஆர்.சி.சி.பி. (கரன்ட் கசிந்தால் அணையும் சுவிட்ச்) இருந்தாலும் இதே கதைதான், அது ஃபேஸில் போன கரன்ட் நியூட்ரலில் முழுசாகத் திரும்புகிறதா என்று மட்டும் பார்க்கும், லூஸ் ஜாயிண்டில் எர்த்துக்கு எதுவும் கசிவதில்லை. ஆக இரண்டும் சும்மா இருக்கும், ஜாயிண்ட் மட்டும் கொதித்துக்கொண்டிருக்கும். எவ்வளவு சூடு என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஸ்க்ரூ முனையில் அரை ஓம் ரெசிஸ்டன்ஸ் ஏறிவிட்டது, அதன் வழியாக 10 ஆம்ப் போகிறது என்றால் அங்கே தொலைவது வெறும் 5 வோல்ட், 230-இல் அதை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஆனால் அந்த ஒரு புள்ளியில் உண்டாகும் சூடு 50 வாட். சர்க்யூட் போர்டு வேலைக்கு வைத்திருக்கும் சாதாரண சால்டரிங் அயர்ன் 25 வாட்தான், அப்படி இரண்டு அயர்னை ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் போட்டுச் சுவரில் பதித்து வைத்த மாதிரி. சூட்டில் உலோகம் விரியும், ஆறினால் சுருங்கும், பிடி இன்னும் கொஞ்சம் தளரும், செம்பின் மேல் ஆக்ஸைடு படியும், ரெசிஸ்டன்ஸ் மறுபடி ஏறும். தானாகச் சரியாகிற கோளாறு இல்லை இது.

சரி, எங்கே தேடுவது? மீட்டரைக் கையில் எடுக்கும் முன் சில நாள் கவனித்துக் குறித்து வையுங்கள். எந்தெந்த விளக்கு துடிக்கிறது, அப்போது வேறு என்ன ஓடிக்கொண்டிருந்தது, மங்குகிறதா இல்லை வெளிச்சம் கூடுகிறதா, பக்கத்து வீட்டிலும் அதே நேரத்தில் நடக்கிறதா. இதற்கெல்லாம் பதில் கையில் இருந்தால் சுவரையெல்லாம் உடைத்துப் பார்க்கிற வேலை மிச்சம்.

ஒரே ஒரு விளக்குதான் துடிக்கிறது, மற்றதெல்லாம் அசையாமல் எரிகிறது என்றால் அந்த பல்பு, ஹோல்டர், சீலிங் ரோஸ், அதன் சுவிட்ச், இவற்றைத் தாண்டிப் போக வேண்டியதில்லை. பல்பைக் கழற்றி வேறு அறையில் போட்டுப் பாருங்கள், துடிப்பு பல்போடு போனால் பல்பு, அங்கேயே நின்றால் ஹோல்டர் பக்கம். ஹோல்டரில் பல்பின் அடியைத் தொடும் இரண்டு பின்களுக்குள்ளும் சின்ன ஸ்பிரிங் இருக்கும், வருஷக்கணக்கில் சூடு பட்டு அது தளர்ந்துவிடும், பின் முனை கருகியிருக்கும். திருகும் வகை ஹோல்டரில் நடுவில் இருக்கும் தகடு அமுங்கிப்போய் பல்பைச் சரியாகத் தொடாமல் இருக்கும். இதையெல்லாம் சுரண்டி வளைத்துச் சரிசெய்வது வீண், ஹோல்டரையே மாற்றிவிடுங்கள்.

எல்.இ.டி. பல்பிலேயே கோளாறு என்றால் அது துடிக்கும் விதம் தனி. ஒரே சீராக நொடிக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ அணைந்து அணைந்து எரிந்தால், உள்ளே இருக்கும் டிரைவர் தொடங்கப் பார்த்து முடியாமல் மறுபடி மறுபடி விழுகிறது, பெரும்பாலும் அதிலுள்ள எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் சூட்டில் காய்ந்திருக்கும். போட்டவுடன் நன்றாக எரிந்து, சூடானதும் துடித்து, அணைத்து ஆறவிட்டால் மறுபடி நன்றாக எரிகிறது என்றால் உள்ளே வரிசையாகக் கோத்திருக்கும் எல்.இ.டி.களில் ஏதோ ஒன்றின் இணைப்பு விட்டு விட்டுத் தொடுகிறது, வரிசையில் ஒன்று விட்டால் மொத்தமும் அணையும். டிம்மரில் போட்ட எல்.இ.டி. துடித்தால் அது டிம் செய்யக்கூடிய வகைதானா என்று அட்டையில் பாருங்கள். வகை சரியாக இருந்தாலும், குண்டு பல்பு காலத்து டிம்மர் பலவற்றுக்கும் 40, 60 வாட்டாவது லோடு இருந்தால்தான் ஒழுங்காக ஓடும், 7 வாட் பல்பு அதற்குப் போதாது. டியூப் லைட்டாக இருந்தால் ஸ்டார்டரை மாற்றிப் பார்த்துவிட்டு டியூபின் ஓரம் கறுத்திருக்கிறதா என்று பாருங்கள், அவ்வளவுதான்.

ஒரு அறை முழுக்கவோ, ஒரே எம்.சி.பி.யில் வரும் இரண்டு மூன்று அறைகளோ துடிக்கின்றன என்றால் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: துடிக்கிற எல்லாவற்றுக்கும் பொதுவாகவும், துடிக்காதவற்றோடு சம்பந்தமில்லாமலும் இருக்கும் இடம் எது? அநேகமாக நியூட்ரலில் வந்து நிற்பீர்கள். நியூட்ரலை ஒரு போர்டிலிருந்து அடுத்த போர்டுக்கு லூப் அடித்துக்கொண்டே போயிருப்பார்கள், நடுவில் ஒரு போர்டில் முறுக்கி டேப் சுற்றி வைத்த ஜாயிண்ட் தளர்ந்தால் அதற்குப் பின்னால் இருக்கிற அத்தனையும் துடிக்கும், முன்னால் இருப்பது எதுவும் அசையாது. ஃபேஸ் பக்கம் சுவிட்சைத்தான் எல்லாரும் கழற்றிப் பார்ப்பார்கள், நியூட்ரல் ஜாயிண்ட் போர்டின் மூலையில் டேப்போடு சுருண்டு கிடக்கும், அதை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. அதைத்தான் முதலில் பிரிக்கச் சொல்வேன்.

வீடு முழுக்கத் துடிக்கிறது, பக்கத்து வீட்டில் ஒன்றும் இல்லை என்றால் மெயின் சுவிட்ச், சேஞ்ச் ஓவர் சுவிட்ச், ஃப்யூஸ் கேரியர், மீட்டர், மேலே வரும் சர்வீஸ் ஒயர், இந்த வரிசையில் சந்தேகப்படுங்கள். காற்றடிக்கும்போதும் மழை பெய்யும்போதும்தான் துடிக்கிறது என்றால் அநேகமாக சர்வீஸ் ஒயரின் ஜாயிண்ட்தான், ஒயர் ஆட ஆட அது விட்டு விட்டுத் தொடும். பக்கத்து வீட்டிலும் அதே நேரத்தில் துடித்தால் கோளாறு வெளியே, உங்கள் ஒயரிங்கைக் கழற்றிப் பிரயோஜனமில்லை.

இங்கே ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும், இதைப் படித்துவிட்டு வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதை மட்டும் மனசில் வையுங்கள். ஒரு லோடு போட்டதும் சில விளக்குகள் மங்கி, வேறு சில விளக்குகள் வழக்கத்தைவிடப் பிரகாசமாகின்றன என்றால் அது மெயின் நியூட்ரல் விடப்போகிறது என்று அர்த்தம். சாதாரண லூஸ் ஜாயிண்ட் வோல்டேஜைக் குறைக்கத்தான் செய்யும், ஏற்றவே ஏற்றாது. மூன்று ஃபேஸ் சப்ளையில் இரண்டு ஃபேஸுக்கு நடுவில் 400 வோல்ட் இருக்கும், ஒவ்வொரு ஃபேஸிலும் 230-ஆகப் பிடித்து வைத்திருப்பது நியூட்ரல்தான். அது விட்டால் ஒரு ஃபேஸில் இருக்கும் சாமானும் இன்னொரு ஃபேஸில் இருக்கும் சாமானும் சீரிஸில் சேர்ந்து 400 வோல்ட்டைப் பங்கு போட்டுக்கொள்ளும். ஒரு பக்கம் 25 ஓம் ஹீட்டரும் மறுபக்கம் மொத்தம் 100 ஓம் அளவுக்குச் சின்னச் சின்ன லோடும் இருந்தால், ஹீட்டருக்கு 80 வோல்ட், அந்தச் சின்ன லோடுகளுக்கு 320 வோல்ட். டி.வி., ஃபிரிட்ஜ் போர்டு, சார்ஜர் எல்லாம் ஒரே நேரத்தில் போவது இப்படித்தான். வீட்டுக்கு வருவது ஒரே ஃபேஸ்தான் என்றாலும் தப்பில்லை என்று நினைக்காதீர்கள், தெருவில் பல வீடுகளுக்கும் பொதுவான நியூட்ரல் விட்டால் உங்களுக்கும் இதே கதிதான். 120/240 வோல்ட் இரட்டை லைன் வரும் நாடுகளிலும் இதே கணக்கு, அங்கே ஒரு பாதியில் 120 இருக்க வேண்டிய இடத்தில் 160, 170 என்று ஏறும். பிரகாசம் கூடுவதைப் பார்த்த உடனே மெயினை அணைத்துவிட்டு மின் விநியோக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். அவர்கள் வந்து பார்க்கும் வரை இருட்டில் இருப்பது பரவாயில்லை.

நியூட்ரல் உங்கள் வீட்டுக்குள்ளேயே, ஒரே ஃபேஸ் ஓடும் லைனில் முழுசாக விட்டால் காட்சி வேறு. எதுவும் எரியாது, கரன்ட் போய்விட்டது என்று நினைப்பீர்கள், ஆனால் பிளக்கில் டெஸ்டரை வைத்தால் இரண்டு துளையிலும் எரியும். போட்டு வைத்திருக்கும் சுவிட்சின் வழியாக, சாமானின் வழியாக ஃபேஸ் வந்து நியூட்ரலில் நிற்கிறது. அந்த நேரத்தில் நியூட்ரல் ஒயரைத் தொட்டால் ஃபேஸைத் தொட்ட மாதிரிதான் அடிக்கும்.

எல்லா மங்கலும் கோளாறு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார், ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் போன்றவை கிளம்பும்போது, ஓடும் கரன்ட்டைவிட ஐந்து முதல் ஏழு மடங்கு வரை ஒரு நொடிக்கும் குறைவான நேரம் இழுக்கும். அப்போது விளக்கு ஒரு தடவை கண் சிமிட்டி நின்றுவிட்டால் பரவாயில்லை. ஓடிக்கொண்டிருக்கும் வரை மங்கலாகவே இருக்கிறது என்றாலோ, முன்பு இல்லாத சிமிட்டல் இப்போது வந்திருக்கிறது என்றாலோ பார்க்க வேண்டும். குண்டு பல்பு இதில் நல்ல சாட்சி, அதன் வெளிச்சம் வோல்டேஜின் 3.4-ஆவது அடுக்கு அளவுக்கு மாறும், அதாவது வோல்டேஜ் 5 சதவீதம் இறங்கினால் வெளிச்சம் 16 சதவீதம் இறங்கும். நல்ல டிரைவர் உள்ள எல்.இ.டி. அப்படி இல்லை, உள்ளே வரும் வோல்டேஜ் எவ்வளவு இறங்கினாலும் ஒரு எல்லை வரை வெளிச்சத்தை அப்படியே வைத்திருக்கும். அதனால் வீடு முழுக்க எல்.இ.டி. போட்டவர்களுக்கு வோல்டேஜ் இறங்குவது கண்ணுக்கே தெரியாது, ஒரு நாள் எல்லை தாண்டியதும் திடீரென்று எல்லாம் துடிக்கும். விளக்கு துடிக்காததை வைத்து ஒயரிங் நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாமல் போனது இதனால்தான்.

இப்போது அளப்பதற்கு வருவோம். டி.பி.யை, அதாவது எம்.சி.பி.கள் இருக்கும் பெட்டியைத் திறக்காமலேயே செய்ய ஒரு வழி இருக்கிறது. ஓடாத சர்க்யூட்டில் கரன்ட் போகாது, கரன்ட் போகாத ஒயரில் வோல்டேஜ் இறங்காது. ஆகவே வேறு எம்.சி.பி.யில் வரும், எதுவுமே ஓடாத ஒரு பிளக் பாயிண்டில் நீங்கள் படிக்கும் வோல்டேஜ்தான் டி.பி.யில் இருக்கும் வோல்டேஜ். மூன்று ஃபேஸ் வீடாக இருந்தால் அந்த பிளக் அதே ஃபேஸில் இருக்க வேண்டும், அது மட்டும் கவனம்.

சந்தேகப்படும் சர்க்யூட்டில் 2000 வாட் ஹீட்டர் ஒன்றை மாட்டுங்கள். அந்த பாயிண்ட் அதைத் தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள், தாங்காது என்றால் 1000 வாட் இஸ்திரிப்பெட்டி போதும், அளவு பாதியாக வரும். போடும் முன் இரண்டு இடத்திலும் 232 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். போட்ட பின், வேறு சர்க்யூட்டில் இருக்கும் பிளக் 229 காட்டுகிறது, ஹீட்டர் மாட்டிய போர்டிலேயே பக்கத்தில் இருக்கும் இன்னொரு பிளக் 214 காட்டுகிறது. டி.பி. வரை தொலைந்தது 3 வோல்ட், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. டி.பி.யிலிருந்து இந்த போர்டுக்குள் தொலைந்தது 15 வோல்ட். ஹீட்டர் அப்போது இழுப்பது சுமார் 8 ஆம்ப். 2.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயர் 15 மீட்டர் என்றால், போகவும் வரவும் 30 மீட்டர், அதன் ரெசிஸ்டன்ஸ் 0.22 ஓம், அதில் இறங்க வேண்டியது 2 வோல்ட்டுக்கும் குறைவு. மிச்சம் 13 வோல்ட் ஏதோ ஒரு ஜாயிண்டில் விழுகிறது. 13-ஐ 8-ஆல் பெருக்கினால் 100 வாட்டுக்கு மேல் சூடு, சுவருக்குள் எங்கேயோ. ஒரு நிமிஷத்துக்கு மேல் ஹீட்டரை ஓடவிடாதீர்கள், அளவை எழுதிக்கொண்டு உடனே அணைத்துவிடுங்கள்.

மாறாக, வேறு சர்க்யூட்டின் பிளக்கும் 215-க்கு விழுந்து, ஹீட்டர் போர்டு 213 காட்டினால் இந்த சர்க்யூட்டில் தப்பில்லை, டி.பி.க்கு முன்னால் தேட வேண்டும். இந்த ஒரு சோதனை தேடும் இடத்தை இரண்டாக வெட்டிவிடும்.

ஃபேஸிலா நியூட்ரலிலா என்பதும் அதே போர்டில் தெரியும். ஹீட்டர் ஓடும்போது பக்கத்து பிளக்கில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் அளந்து பாருங்கள். நல்ல ஒயரிங்கில் ஒன்றோ இரண்டோ வோல்ட் இருக்கும். 13, 14 என்று ஏறினால் நியூட்ரல் ஜாயிண்ட். ஒன்றிலேயே நின்றால் ஃபேஸ் பக்கம், அதாவது சுவிட்ச், பிளக்கின் ஃபேஸ் முனை, எம்.சி.பி. முனை. இதற்கு எர்த் ஒழுங்காக இருக்க வேண்டும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் அளந்தால் லோடு இல்லாதபோது முழு வோல்டேஜ் வர வேண்டும், ஏதோ 90, 110 என்று வந்தால் எர்த்தே இல்லை, அதை முதலில் சரிசெய்ய வேண்டும்.

ஜாயிண்டில் கோளாறு இல்லாமல் ஒயரே போதாமல் இருப்பதும் உண்டு, குறிப்பாக வீட்டைத் தள்ளி இருக்கும் மோட்டாருக்கும் பின்கட்டுக்கும் இழுத்த லைனில். செம்பு ஒயர் ஒரு மீட்டருக்கு 1.5 ஸ்கொயர் எம்.எம். சுமார் 12 மில்லி ஓம், 2.5 என்றால் 7.4, 4 என்றால் 4.6, 6 என்றால் 3.1. 50 மீட்டர் தூரத்தில் 8 ஆம்ப் இழுக்கும் மோட்டாருக்கு 1.5 போட்டிருந்தால் ஓடும்போது 10 வோல்ட் போகும், அது சமாளித்துவிடும். ஆனால் கிளம்பும்போது ஆறு மடங்கு இழுத்தால் 58 வோல்ட் போகும், மோட்டார் கிளம்பாமல் முனகிக்கொண்டே நின்று காயில் எரியும். அதே லைனில் 4 ஸ்கொயர் எம்.எம். போட்டால் கிளம்பும்போதும் 22 வோல்ட்தான். கட்டட ஒயரிங்குக்கான சர்வதேசத் தரமான ஐ.இ.சி. 60364, வோல்டேஜ் இறங்குவதற்கு விளக்கு சர்க்யூட்டுக்கு 3 சதவீதம், மற்றவற்றுக்கு 5 சதவீதம் என்று அளவு சொல்கிறது, 230-இல் அது 7 வோல்ட்டும் பதினொன்றரை வோல்ட்டும். 120 வோல்ட் ஓடும் இடங்களில் அதே வாட்டுக்குக் கரன்ட் இரட்டிப்பாகும், ஆகவே அதே ஒயரில் சதவீதக் கணக்கில் இழப்பு நான்கு மடங்கு.

ஜாயிண்டுக்கே திரும்புகிறேன், ஏனென்றால் அங்கேதான் விஷயம் இருக்கிறது. எம்.சி.பி. முனையில் ஸ்க்ரூவைத் தளர்த்தினால் உள்ளே ஒரு பிடித் தகடு மேலும் கீழும் நகரும். ஒயர் அந்தப் பிடிக்குள் போக வேண்டும். அவசரத்தில் பிடிக்குப் பின்னால் ஒயரை நுழைத்து முறுக்கினால் ஸ்க்ரூ என்னவோ இறுகும், பார்க்கவும் ஒழுங்காக இருக்கும், ஆனால் செம்பை எதுவும் பிடித்திருக்காது, வெறுமனே தொட்டுக்கொண்டிருக்கும். முறுக்கியபின் ஒவ்வொரு ஒயரையும் பிடித்து இழுத்துப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். இன்னொன்று, ஒயரின் தோலைக் குறைவாக உரித்து, செம்புக்குப் பதிலாகப் பிளாஸ்டிக்கின் மேலேயே ஸ்க்ரூ உட்கார்ந்திருக்கும். அப்புறம் ஒரே ஸ்க்ரூவின் கீழ் தடிமனான ஒயர் ஒன்றும் மெல்லிய ஒயர் ஒன்றும், தடித்தது மட்டும் பிடிபடும், மெல்லியது ஆடிக்கொண்டிருக்கும். பல இழை ஒயரில் சில இழைகளை வெட்டிவிட்டு மிச்சத்தை நுழைப்பது, ஈயம் வைத்த முனையை ஸ்க்ரூவின் கீழ் வைப்பது, இரண்டும் தப்பு. ஈயம் அழுத்தத்தில் மெல்ல மெல்ல நசுங்கி விலகும், இன்று இறுக்கமாக இருப்பது சில மாதத்தில் தளர்ந்துவிடும். பல இழை ஒயருக்கு முனையில் ஃபெரூல் என்ற சின்ன உலோகக் குழாயைப் போட்டு அமுக்குவதுதான் சரி.

அலுமினிய ஒயர் இருக்கும் பழைய கட்டடம் என்றால் சந்தேகத்தை இன்னும் அதிகமாக வையுங்கள். அலுமினியத்தின் மேல் உடனுக்குடன் படியும் ஆக்ஸைடு கரன்ட்டைக் கடத்தாது, அழுத்தத்தில் உலோகம் மெல்ல நகரும், செம்போடு நேராக முறுக்கினால் ஈரத்தில் அரிக்கும். இரண்டையும் சேர்க்க அதற்கென்றே செய்த பைமெட்டல் லக்கோ கனெக்டரோ வேண்டும், டேப் சுற்றுவது தீர்வே இல்லை.

கழற்றிப் பார்க்கும்போது என்ன தெரியும்? முனைக்குப் பக்கத்தில் ஒயரின் தோல் நிறம் மங்கி விறைத்திருக்கும், வளைத்தால் உடையும். சுவிட்ச் அல்லது பிளக்கின் உடம்பில் பழுப்பு படர்ந்திருக்கும். சில பிளாஸ்டிக் சூடானால் மீன் நாற்றம் வரும், வீட்டில் காரணம் தெரியாமல் அந்த நாற்றம் வந்தால் போர்டுகளை ஒவ்வொன்றாகப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். போர்டுக்குள் கிர்ர் என்று சின்னச் சத்தம் கேட்டால் உள்ளே ஆர்க், அதாவது தீப்பொறி, ஓடுகிறது, அந்த எம்.சி.பி.யை உடனே அணையுங்கள். கருகிய முனையில் ஸ்க்ரூவை இன்னும் கொஞ்சம் இறுக்கிவிட்டு மூடிவிடக் கூடாது. கறுத்த செம்பை வெட்டி எறிந்துவிட்டு பளபளப்பான செம்பு தெரியும் வரை புதிதாக உரிக்க வேண்டும், கருகிய சுவிட்சையோ பிளக்கையோ எம்.சி.பி.யையோ மாற்றவும் வேண்டும், ஏனென்றால் சூடு பட்ட ஸ்பிரிங்குக்குப் பிடிக்கும் பலம் போயிருக்கும்.

ஸ்டெபிலைசர் ஏன் கெடுதல் என்று சொல்கிறேன் என்றால், அது இல்லாத மின்சாரத்தை உண்டாக்குவதில்லை, கூடுதல் கரன்ட்டை இழுத்து வோல்டேஜை ஏற்றுகிறது. 180 வோல்ட்டை 230 ஆக்கி 1000 வாட் கொடுக்க வேண்டுமென்றால் உள்ளே இழுக்கும் கரன்ட் 4.3-க்குப் பதில் 5.6 ஆம்ப், அதன் சொந்த நஷ்டம் தனி. ஜாயிண்டில் சூடு கரன்ட்டின் இருமடிக்கு ஏறும், ஆக 60 சதவீதத்துக்கு மேல் கூடுதல் சூடு. விளக்கு துடிப்பது நின்றிருக்கும், நீங்களும் மறந்திருப்பீர்கள், சுவருக்குள் வேலை முன்னைவிட வேகமாக நடக்கும். லோடு எதுவும் இல்லாதபோதே டி.பி.யில் வோல்டேஜ் குறைவாக இருந்தால் மட்டும்தான் ஸ்டெபிலைசர் பற்றிப் பேசலாம். 230 வோல்ட் சப்ளைக்குப் பத்து சதவீதம் மேலும் கீழும், அதாவது 207 முதல் 253 வரை, பொதுவாக ஏற்றுக்கொண்ட எல்லை. மெயினில் எதுவும் ஓடாதபோது காலை, மதியம், இரவு என்று அளந்து தேதி நேரத்தோடு எழுதுங்கள், 207-க்குக் கீழே அடிக்கடி போனால் அந்தத் தாளோடு புகார் கொடுங்கள், வெறுமனே லோ வோல்டேஜ் என்று சொல்வதைவிட அது எடுபடும்.

டெஸ்டரை நம்பி முடிவெடுக்காதீர்கள். நியான் டெஸ்டர் எரிய நூலளவு கரன்ட் போதும், பாதி அறுந்த ஜாயிண்டுக்குப் பின்னாலும் அது பளிச்சென்று எரியும். டிஜிட்டல் மல்டிமீட்டரும் அப்படித்தான், எங்கேயும் சேராத ஒயரில்கூடப் பக்கத்து ஒயரிலிருந்து தூண்டப்பட்ட 60, 80 வோல்ட்டைக் காட்டும். 100 வாட் குண்டு பல்பு ஒன்றை ஹோல்டரில் மாட்டி ஒயர் விட்டு டெஸ்ட் லேம்ப் வைத்திருந்தால் இந்தக் குழப்பமே இல்லை, கரன்ட் உண்மையில் போனால்தான் அது எரியும்.

சுவிட்சை அணைத்தபின்னும் எல்.இ.டி. மினுக்குகிறதே என்று கேட்பவர்களும் உண்டு, அது வேறு விஷயம். சுவிட்சில் சின்ன இண்டிகேட்டர் விளக்கு இருந்தால் அதன் வழியாகக் கசியும் கரன்ட் போதும், நீளமான லைனில் ஒயருக்கு ஒயர் தூண்டலும் போதும், அதெல்லாம் ஆபத்தில்லை. ஆனால் சுவிட்ச் ஃபேஸில் இல்லாமல் நியூட்ரலில் இருந்தாலும் இப்படி மினுக்கும், அப்போது சுவிட்சை அணைத்தாலும் ஹோல்டரில் ஃபேஸ் நின்றுகொண்டிருக்கும், பல்பு மாற்றக் கை வைப்பவருக்கு அடிக்கும். அதை உடனே மாற்றிக் கட்டச் சொல்லுங்கள்.

இதில் நீங்களாகச் செய்யக்கூடியது எது என்றும் சொல்லிவிடுகிறேன். கவனிப்பது, பல்பு மாற்றிப் பார்ப்பது, பிளக்கில் மீட்டர் வைத்து லோடு போட்டு அளப்பது, இதுவரைக்கும் சரி. போர்டைத் திறப்பதென்றால் எம்.சி.பி.யை மட்டும் நம்பாமல் மெயினை அணையுங்கள். தொடுவதற்கு முன் மீட்டரை வேலை செய்கிற ஒரு பிளக்கில் வைத்து மீட்டர் சரியாக இருக்கிறது என்று பார்த்துவிட்டு மெயினை அணைத்து, தொடப்போகும் இடத்தில் கரன்ட் இல்லை என்று பார்த்து, பேட்டரியில் ஓடும் சோதனைக் கருவியால் மீட்டரை உடனேயே மறுபடி ஒரு தடவை சரிபார்ப்பது நல்லது. இன்வெர்டர் உள்ள வீட்டில் மெயினை அணைத்தாலும் அந்த லைனில் கரன்ட் இருக்கும், அதையும் அணைக்க வேண்டும், பலர் அடி வாங்குவது இங்கேதான். சீல் வைத்த மீட்டர், அதற்கு முன்னால் இருக்கும் ஃப்யூஸ், சர்வீஸ் ஒயர் பக்கம் கையே வைக்கக் கூடாது, மெயினை அணைத்தாலும் அங்கே கரன்ட் இருக்கும். டி.பி. வேலையை உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள், ஆனால் நீங்கள் எழுதி வைத்த அளவுகளை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கொடுங்கள், நியூட்ரல் பக்கம் 13 வோல்ட் விழுகிறது என்று சொன்னால் அவர் எங்கே தேட வேண்டும் என்று அவருக்கே தெரியும்.

வேலை முடிந்ததும் அவர் கிளம்புவதற்கு முன், அதே ஹீட்டரை அதே பிளக்கில் மாட்டி அதே இரண்டு இடத்தில் அளந்து பாருங்கள். 15 வோல்ட் வித்தியாசம் இருந்த இடத்தில் இரண்டோ மூன்றோ இருக்க வேண்டும். 7 காட்டினால் இன்னொரு ஜாயிண்ட் மிச்சம் இருக்கிறது, அவரை இன்னும் அனுப்பாதீர்கள்.